மருத்துவமனையில் ஓர் இயற்பியலாளர்



எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. முதலாண்டு இயற்பியல் படிக்கும் மாணவி ஒருத்தி, சில மாதங்களுக்கு முன் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். அவளுடைய அப்பத்தாவுக்குப் புற்றுநோய். விடுமுறை முழுவதும் அப்பத்தாவைக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்று வந்திருக்கிறாள். ஒரு நாள் முதல் பேருந்தைப் பிடித்து விடியற்காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். நோயாளிகளை இன்னும் உள்ளே அழைக்கவில்லை. சிகிச்சை அறையின் கனத்த கதவு திறந்து கிடந்தது. உள்ளே, அப்பத்தா வழக்கமாகப் படுக்கும் கட்டிலின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் பென்சில் பருமனில் ஒரு கருவி. அதை ஒருவர் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி நகர்த்தி வைத்துக் கொண்டிருந்தார். அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லை.

"அவர் டாக்டரா, சார்?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. உன்னைப் போல, என்னைப் போல, இயற்பியல் படித்தவர்" என்றேன்.

அவள் நம்பவில்லை. "இயற்பியல் படித்தவருக்கு ஆஸ்பத்திரியில் என்ன சார் வேலை?" என்றாள்.

நல்ல கேள்வி. இயற்பியல் படித்தால் ஆசிரியர் வேலைக்குத்தான் போகலாம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 'மருத்துவ இயற்பியல்' என்றொரு துறை இருக்கிறது. அது எதற்காக இருக்கிறது, அதில் முதுநிலைப் படிப்புகள் எவை, அவற்றை எங்கே எப்படிப் படிக்கலாம் என்பதையெல்லாம் இக்கட்டுரையில் காண்போம்.

தெர்மாமீட்டருக்குத் தெரியாத அளவு

எக்ஸ் கதிர்களும் காமாக் கதிர்களும் உடலின் வழியே செல்லும்போது தம் ஆற்றலில் ஒரு பகுதியைத் திசுக்களில் விட்டுச் செல்கின்றன. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றுக்கொண்டால், அதை ஒரு 'கிரே' என்கிறோம். லூயி ஹெரால்டு கிரே என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் நினைவாக 1975-ஆம் ஆண்டில் இந்த அலகுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. அவரும் ஒரு மருத்துவமனையில் பணியாற்றியவர்தான்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு மனிதனின் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே அளவு கதிர்வீச்சு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தக்க சிகிச்சை கிடைக்காவிட்டால் அவர் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பு. அவ்வளவு கொடிய அளவு! ஆனால் அதனால் உடலின் வெப்பநிலை எவ்வளவு உயரும்? உடல் பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4200 ஜூல் தேவை என்பது நீங்கள் அறிந்ததே. நாம் கொடுத்ததோ கிலோகிராமுக்கு 4 ஜூல். நாலை 4200-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

நம் வீட்டுத் தெர்மாமீட்டர் இதைக் காட்டாது. தோல் உணராது. கண்ணுக்கும் தெரியாது. பிறகு ஏன் அது உயிரை வாங்குகிறது? இக்கதிர்கள் வெப்பத்தால் கொல்வதில்லை. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெடுத்து, உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அறுத்துவிடுகின்றன. இழை அறுந்த உயிரணு பெருக முடியாமல் மடிகிறது.

கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே புற்றுநோய் அணுக்களின் குணம்? ஆகவே அதே கதிரை நோயுள்ள இடத்தில் மட்டும் படும்படி குவித்து, நாளைக்கு 2 கிரே வீதம், 25 அல்லது 30 நாட்களுக்குக் கொடுத்தால் நோய் அணுக்கள் மடியும். இடைப்பட்ட நேரத்தில் அருகிலுள்ள நல்ல அணுக்கள் பழுது பார்த்துக்கொண்டு மீளும். கதிர்வீச்சுச் சிகிச்சையின் அடிப்படை இதுவே.

மருந்துப் புட்டியில் அளவுக் கோடு இருக்கிறது. ஊசிக் குழலில் மில்லி லிட்டர் குறியீடு இருக்கிறது. கதிருக்கு அப்படி எதுவும் கிடையாது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைச் சிகிச்சை மருத்துவர் தீர்மானிக்கிறார். அந்த அளவுதான் உண்மையில் நோயாளியின் உடலுக்குள் சென்றது என்பதற்கு யார் பொறுப்பு? அங்கேதான் இயற்பியலாளர் வருகிறார்.

ஐந்து விழுக்காட்டுக்குள் நிற்கும் உயிர்

அளவு குறைந்தால் புற்றுநோய் மீண்டும் தலையெடுக்கும். கூடினால் நல்ல திசுக்கள் கெடும். இரண்டுக்கும் நடுவே உள்ள பாதை குறுகியது. கதிர்வீச்சு அலகுகளுக்கும் அளவீடுகளுக்குமான பன்னாட்டு ஆணையம் 1976-இல் வெளியிட்ட அறிக்கையில், நோயாளிக்குச் சேரும் அளவு குறித்த அளவிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று கூறியது. இந்த ஐந்து விழுக்காடு எவ்வளவு எளிதில் கைதவறிவிடும் என்பதை உங்கள் பாடப்புத்தகத்தைக் கொண்டே பார்த்துவிடலாம்.

கதிர்களின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். கோபால்ட் சிகிச்சைக் கருவி ஒன்றில், கதிர் மூலத்திலிருந்து 80 செ.மீ. தொலைவில் நோயாளி இருக்க வேண்டும் என்று கொள்வோம். கட்டிலை உயர்த்துபவர் கவனக்குறைவாக 82 செ.மீ. தொலைவில் நிறுத்திவிட்டார். 80-ஐ 82-ஆல் வகுத்து இருமடி காணுங்கள். 0.95 கிடைக்கும். இரண்டே சென்டிமீட்டர், ஐந்து விழுக்காடு போய்விட்டது!

அடுத்து, கதிரியக்கச் சிதைவு விதி. கோபால்ட்-60 என்ற ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு. அதாவது மாதந்தோறும் அதன் வலிமை சுமார் 1.1 விழுக்காடு குறைகிறது. ஐந்து மாதம் யாரும் கணக்கைத் திருத்தாமல் பழைய நேரத்துக்கே சிகிச்சை கொடுத்துவந்தால், மறுபடியும் ஐந்து விழுக்காடு போய்விடும்.

தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்கிற விதிகள்தாம் இவை. மருத்துவமனையில் அவற்றுக்குக் கிடைக்கும் மதிப்பெண் வேறு.

ஒரு நிமிடத்தில் பத்தில் மூன்று பங்கு

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்ற சிறிய நாடு இருக்கிறது. அதன் தலைநகர் சான் ஹோசேயில் உள்ள ஒரு மருத்துவமனையில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சிகிச்சைக் கருவியில் இருந்த பழைய கோபால்ட் மூலத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். புதிய மூலம் நிமிடத்துக்கு எவ்வளவு கதிர் தருகிறது என்பதை அளக்க வேண்டும். கருவியின் கடிகாரத்தில் 0.3 நிமிடம் வைத்து அளந்தார்கள். 0.3 நிமிடம் என்றால் எத்தனை வினாடி? பதினெட்டு. ஆனால் கணக்கில் அது 30 வினாடி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

விளைவு என்னவென்று நாமே கணக்கிடுவோம். அந்த 18 வினாடியில் கருவி 30 அலகு காட்டியது என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது நிமிடத்துக்கு 100 அலகு. 30 வினாடி என்று எண்ணியவருக்கோ நிமிடத்துக்கு 60 அலகு என்றுதான் விடை வரும். மருத்துவர் 200 அலகு கொடுக்கச் சொன்னால் இரண்டு நிமிடம் போதும். தவறான கணக்கின்படி மூன்று நிமிடம் இருபது வினாடி கொடுக்க வேண்டியதாகிறது.

அந்த மருத்துவமனையில் 115 நோயாளிகள் இப்படிக் கூடுதல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஏறத்தாழ 50 முதல் 60 விழுக்காடு அதிகம் என்று பின்னர் விசாரித்த பன்னாட்டு அணுசக்தி முகமையின் நிபுணர் குழு கண்டது. சிலருடைய மரணத்துக்கு இதுவே காரணமாயிற்று. பலர் பெருந்துன்பம் அனுபவித்தார்கள். கருவி பழுதாகவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. தசமத்தில் எழுதிய நிமிடத்தை வினாடியாக மாற்றும்போது பிழை நேர்ந்தது. இது எட்டாம் வகுப்புக் கணக்கு. அந்தக் கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிழை வெளிப்பட்டிருக்கும்.

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பிழைகள் மிக அரியவை. அரியவையாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நாளும் காலையில் யாரோ ஒருவர் தண்ணீர்த் தொட்டியை வைத்து அளந்துகொண்டிருக்கிறார் என்பதே. ஒருவர் அளந்ததை வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது இத்துறையின் முதல் பாடம். 1969-ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து, கதிரைப் பதிவு செய்யும் சிறு அளவிகளைத் தபாலில் மருத்துவமனைகளுக்கு அனுப்பி, திரும்பப் பெற்று, அவர்கள் கொடுக்கும் அளவு சரிதானா என்று பரிசோதித்து வருகின்றன.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர்கள்

மருத்துவமனைக்குள் இயற்பியலாளர் நுழைந்தது புதிய செய்தி அன்று. 1895 நவம்பர் 8-ஆம் நாள் இயற்பியல் பேராசிரியர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். சில வாரங்களிலேயே மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் இவ்விரு துறைகளும் கைகோத்தே வருகின்றன.

கனடாவில் சஸ்காட்சவன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஜான்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர் இருந்தார். உலகின் முதல் கோபால்ட் சிகிச்சைக் கருவிகளுள் ஒன்றை 1951-இல் அவரும் அவருடைய முதுநிலை மாணவர்களும் உருவாக்கினார்கள். அம்மாணவர்களுள் ஒருவர் சில்வியா ஃபெடோருக் என்ற பெண்மணி. தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கதிர் எவ்வளவு குறைகிறது என்று அளந்து அட்டவணை தயாரிக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். முதுநிலை மாணவியாக அவர் கற்ற வேலையே வாழ்நாள் தொழிலாயிற்று. பின்னாளில் அந்த மாநிலத்தின் புற்றுநோய் மருத்துவ அமைப்பில் தலைமை மருத்துவ இயற்பியலாளராக உயர்ந்தார். 1986-இல் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கே வேந்தரும் ஆனார்.

கோபால்ட் சிகிச்சை நம் நாட்டுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் 1957-லேயே கோபால்ட் கருவியை நிறுவியது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் என்னைப் போலக் கல்லூரி விரிவுரையாளர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்து வந்த ஆலன் கார்மாக்கை, 1956-இல் அவ்வூர் மருத்துவமனை ஒன்று அழைத்தது. அங்கிருந்த இயற்பியலாளர் விலகிவிட்டார். கதிரியக்கப் பொருள்களைப் பயன்படுத்த வேண்டுமானால் இயற்பியலாளர் ஒருவர் மேற்பார்வையிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே வாரத்தில் ஒன்றரை நாள் வந்து போகும்படி கேட்டுக்கொண்டார்கள். அங்கே சிகிச்சைத் திட்டங்களைப் பார்த்த கார்மாக்கிற்கு ஓர் ஐயம் எழுந்தது. எலும்பும் நுரையீரலும் தசையும் ஒரே மாதிரிக் கதிரை உறிஞ்சுவதில்லையே, உடலின் உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வெளியிலிருந்தே அளந்து கண்டுபிடிக்க முடியாதா? அதற்கான கணக்கை அவர் வகுத்து 1963-லும் 1964-லும் வெளியிட்டார். இன்று நாம் 'சி.டி. ஸ்கேன்' என்று சொல்லும் கருவிக்கு அடிப்படையான கணக்கு அது. 1979-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவரும், கருவியைத் தனியே உருவாக்கிய பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டும் பகிர்ந்துகொண்டார்கள்.

மருத்துவ இயற்பியலாளரின் வேலை

இவர்களின் பணியை மூன்று பிரிவுகளாகச் சொல்லலாம்.

முதலாவது, கதிர்வீச்சுச் சிகிச்சை. இப்பொழுது பெரும்பாலும் 'லினாக்' எனப்படும் நேரியல் முடுக்கிகள் பயன்படுகின்றன. இவை எலெக்ட்ரான்களை முடுக்கி, உலோகத்தில் மோதவிட்டு, வலிமை மிக்க எக்ஸ் கதிர்களை உண்டாக்குகின்றன. சி.டி. படத்தை வைத்துக்கொண்டு, எந்தெந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு கதிர் செலுத்தினால் நோயுள்ள இடத்துக்கு முழு அளவும், பக்கத்திலுள்ள தண்டுவடத்துக்கோ கண்ணுக்கோ மிகக் குறைந்த அளவும் சேரும் என்று கணினியில் திட்டமிடுவதும், அத்திட்டத்தை நோயாளி படுப்பதற்கு முன் அளந்து சரிபார்ப்பதும் இயற்பியலாளரின் வேலை. சென்னையில் 2019 முதல் புரோட்டான் கற்றைச் சிகிச்சையும் நடைபெறுகிறது. எக்ஸ் கதிர் போல் உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடாமல், குறித்த ஆழத்தில் நின்றுவிடுவது புரோட்டானின் சிறப்பு.

இரண்டாவது, படம் எடுக்கும் துறை. ஒரு குழந்தைக்குச் சி.டி. எடுக்கும்போது பெரியவர்களுக்கான அளவையே வைத்துவிடலாகாது. குறைந்த கதிரில் தெளிவான படம் கிடைக்க வேண்டும். அணு மருத்துவத்தில் டெக்னீஷியம்-99எம் என்ற ஐசோடோப்பை நோயாளியின் உடலுக்குள் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். ஒரு நாள் கழிந்தால் எவ்வளவு மிஞ்சும்? நீங்களே சொல்லுங்கள். ஆம், பதினாறில் ஒரு பங்கு.

மூன்றாவது, கதிர்வீச்சுப் பாதுகாப்பு. சிகிச்சை அறையின் சுவர் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று கணக்கிடுவதும் இவர்களே. கோபால்ட்டின் காமாக் கதிர்களைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 1.2 செ.மீ. ஈயம் தேவை. அப்படிப் பத்து அடுக்கு வைத்தால், அதாவது 12 செ.மீ. கனத்தில், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே வெளியே வரும்.

எம்.எஸ்ஸி. படிப்புகள்: இரண்டு வழிகள்

சரி, இதற்கு என்ன படிக்க வேண்டும்? நம் நாட்டில் மருத்துவமனைகளில் கதிர்வீச்சைப் பயன்படுத்துவதை முறைப்படுத்துவது, 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். மருத்துவ இயற்பியலாளர் ஆவதற்கு அது இரண்டு வழிகளை ஏற்றுக்கொள்கிறது. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே: இயற்பியலை முதன்மையாகக் கொண்ட பி.எஸ்ஸி. பட்டம்.

முதல் வழி, பி.எஸ்ஸி. முடித்தவுடன் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. மருத்துவ இயற்பியல் படிப்பது.

இரண்டாம் வழி, முதலில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, அதன்பின் கதிரியல் இயற்பியலில் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் பெறுவது. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம் 1962-ஆம் ஆண்டிலிருந்து இப்பயிற்சியை நடத்தி வருகிறது. நுழைவுத் தேர்வு உண்டு. பி.எஸ்ஸி.யிலும் எம்.எஸ்ஸி.யிலும் 60 விழுக்காட்டுக்குக் குறையாத மதிப்பெண் கேட்பது வழக்கம். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கிடைக்கும்.

எது நல்லது? முதல் வழியில் ஓராண்டு மிச்சம். மருத்துவமனைச் சூழலுக்கும் விரைவில் பழகிவிடலாம். இரண்டாம் வழியில் இயற்பியலின் அடித்தளம் அகலமாக இருக்கும். மனம் மாறினால் கல்லூரி ஆசிரியராகவோ வேறு துறை ஆராய்ச்சியாளராகவோ போகவும் இடமுண்டு. இப்போதே முடிவு எடுத்தவர்கள் முதல் வழியில் செல்லலாம். இன்னும் யோசிப்பவர்களுக்கு இரண்டாம் வழி பொருந்தும்.

கிண்டியில் ஒரு துறை

முதல் வழிக்கு எடுத்துக்காட்டாக, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். அதன் கிண்டி வளாகம் 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பழைய நிறுவனம். பொறியியலுக்குப் பெயர் பெற்ற அங்கே 1980-களிலேயே மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்ஸி. படிப்பு தொடங்கிவிட்டது. இன்று அதற்கெனத் தனித்துறையே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருப்பது ஒரு வசதி.

இரண்டாண்டுகள், நான்கு பருவங்கள். இப்படிப்பில் என்னென்ன பாடங்கள் இருக்கும்? அணுக்கருவியலும் கதிர்வீச்சு இயற்பியலும் அடிப்படை. அவற்றோடு உடற்கூற்றியலும் உடலியங்கியலும் படிக்க வேண்டும். இதயம் எங்கே இருக்கிறது, சிறுநீரகம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாமல் கதிரை எங்கே செலுத்துவது? கதிர் அளவீட்டியல், கதிர்வீச்சு உயிரியல், சிகிச்சை இயற்பியல், பட இயற்பியல், அணு மருத்துவம், கதிர்வீச்சுப் பாதுகாப்பு, மின்னணுவியல், புள்ளியியல் ஆகியவையும் உண்டு. செய்முறையில் ஒரு பகுதி மருத்துவமனையில் நடக்கும். இறுதியில் ஓர் ஆய்வுத் திட்டம் செய்து அறிக்கை அளிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ இயற்பியல் துறைகள் உள்ளன. ஐதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகமும் இத்துறையில் அனுபவம் மிக்கது. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த வளரும் நாட்டு மாணவர்களுக்காக, இத்தாலியில் டிரியஸ்டே நகரிலுள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம், அந்நகரப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2014 முதல் மருத்துவ இயற்பியலில் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. பாகிஸ்தானிய இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய மையம் அது. தேர்ந்தெடுக்கப்படும் மாணவர்களுக்கு உதவித்தொகையும் கிடைக்கக்கூடும்.

எம்.எஸ்ஸி.க்குப் பின் ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்கள் பிஎச்.டி. செய்யலாம். நம் நாட்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி நிலையம் 'பாபாட்ரான்' என்ற கோபால்ட் சிகிச்சைக் கருவியை வடிவமைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பணிகளுக்கும் ஆள் தேவை.

பட்டம் மட்டும் போதாது

பட்டம் வாங்கியவுடனே நோயாளியின் சிகிச்சைத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. வசதிகள் நிறைந்த கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறை ஒன்றில் குறைந்தது பன்னிரண்டு மாதம் பயிற்சி பெற வேண்டும். மருத்துவப் பட்டதாரிகள் 'ஹவுஸ் சர்ஜன்' ஆக இருப்பது போன்றது இது. அதன்பின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தேர்வில் தேறினால் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகும் தகுதியும் கிடைக்கும். தகுதி பெற்ற இயற்பியலாளரும் பாதுகாப்பு அலுவலரும் இல்லாமல் எந்த மருத்துவமனையும் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையை நடத்த முடியாது.

ஓர் எச்சரிக்கை. பெயர்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 'உயிர் இயற்பியல்' வேறு. அது உயிரணுக்களையும் மூலக்கூறுகளையும் ஆராய்வது. 'உயிர் மருத்துவப் பொறியியல்' வேறு. அது கருவிகளை வடிவமைப்பது. எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் தொழில்நுட்பப் படிப்புகளும், சிகிச்சைக் கருவியை இயக்கும் தொழில்நுட்பப் படிப்புகளும் வேறு. அவை எல்லாமே மதிப்புள்ள படிப்புகள்தாம். ஆனால் அவற்றைப் படித்துவிட்டு மருத்துவ இயற்பியலாளர் ஆக முடியாது. மேலும், 'மருத்துவ இயற்பியல்' என்ற பெயரில் எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும், அப்படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று அவ்வாண்டின் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். இதை உங்கள் பெற்றோரிடமும் சொல்லி வையுங்கள்.

பயமில்லையா?

"நாள் முழுதும் கதிரோடு பழகுகிறவருக்கு ஆபத்து இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். சிகிச்சை நடக்கும்போது அறைக்குள் நோயாளியைத் தவிர யாரும் இருப்பதில்லை. லினாக்கை நிறுத்தியதும், மின்விளக்கை அணைத்தால் ஒளி நிற்பது போல, எக்ஸ் கதிரும் நின்றுவிடும். பணியாளர் ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சிறு பட்டை அணிந்திருப்பார். அதில் பதிவான அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். பணியாளர் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறலாகாது என்பது விதி. முறையாக வேலை செய்பவர்களுக்குச் சேர்வது இதைவிட மிகக் குறைவு. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாக நம் எல்லோருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே, தன் உடம்பைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அடுத்தவர் உடம்பைப் பற்றிய அச்சம் மட்டும் கடைசி நாள் வரை இருக்க வேண்டும். அது இல்லாதவருக்கு இத்தொழில் ஏற்றதன்று. புகழை எதிர்பார்ப்பவருக்கும் ஏற்றதன்று. குணமான நோயாளி டாக்டரைக் கும்பிடுவார். செவிலியரிடம் சொல்லிக்கொண்டு போவார். திட்டம் போட்ட இயற்பியலாளரின் முகம்கூட அவருக்குத் தெரிந்திராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது

பத்தாம் வகுப்பில் இருக்கிறீர்களா? மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் அடங்கிய பிரிவை எடுங்கள். நான்காவது பாடமாக உயிரியல் கிடைத்தால் மிக நல்லது. பிளஸ் டூவில் இருக்கிறீர்களா? மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று இடிந்து உட்கார்ந்துவிடாதீர்கள். நோயாளிக்கு உதவ இயற்பியல் வழியாகவும் ஒரு வாசல் இருக்கிறது. பி.எஸ்ஸி. இயற்பியலில் சேருங்கள். துணைப் பாடமாகக் கணிதத்தை விடாதீர்கள். செய்முறை வகுப்பில் பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். வெர்னியரில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். விடை வந்தபின் அலகைச் சரிபாருங்கள். 0.3 நிமிடம் எத்தனை வினாடி என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

நவம்பர் 7-ஆம் நாள் மேரி கியூரியின் பிறந்த நாள். 2013 முதல் அந்நாள் பன்னாட்டு மருத்துவ இயற்பியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் இத்துறையைப் பற்றி ஒரு கூட்டம் நடத்தலாமே! அருகில் புற்றுநோய் மருத்துவமனை இருந்தால், அங்குள்ள இயற்பியலாளரைப் பேச அழையுங்கள். அவரைத் தேடி வருபவர்கள் குறைவு. நீங்கள் அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்.

அந்த மாணவி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். மறு வாரம் செய்முறை வகுப்பில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளந்துகொண்டிருந்தாள். இருபது அலைவுகளை எண்ணி எழுதியவள், பதிவேட்டை மூடாமல், மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். "ஒரு தடவை போதுமே அம்மா?" என்றேன்.

"இன்னொரு தடவை பார்த்துக்கிறேன் சார்" என்றாள்.